கலங்கலில் காணும் ஒழுங்கு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய அறிவியற் சொற்பொழிவு)



பாட்டும் கூத்தும் பட்டிமன்றமும் நிறைந்த இவ்விழாவில் விஞ்ஞானத்துக்கும் அரைமணி நேரம் ஒதுக்கிய சங்கத்தாருக்கு முதற்கண் நன்றி கூறக் கடமைப்பட்டுள்ளோம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் புதிய விண்கலம் அன்று. அணு உலையும் அன்று. இட்டிலி, சோப்பு, பால் உறை, சட்டைப்பையில் உள்ள தொலைபேசியின் திரை ஆகிய எளிய பொருள்களைப் பற்றியதே இவ்வுரை. இவற்றுள் மறைந்து நிற்கும் ஒழுங்கு எவ்வாறு பிறக்கின்றது என்பதே நாம் ஆராயப் புகும் வினா.

திடம், திரவம், வாயு என்று பொருள்களை மூன்றாகப் பகுத்துப் பள்ளியில் படித்தோம். உப்பும் இரும்பும் திடம். நீரும் எண்ணெயும் திரவம். ஆயினும், நாள்தோறும் நாம் கையாளும் பொருள்களுள் பல இப்பகுப்புக்குள் எளிதில் அடங்குவதில்லை. கோந்து, தயிர், வெந்த சோறு, சோப்புக் குழம்பு, இரப்பர், பிளாஸ்டிக், நம் உடலின் தோல் ஆகியவை கல்லைப்போல் இறுகியனவும் அல்ல. நீரைப்போல் ஓடுவனவும் அல்ல. சிறு விசைக்கும் வளைந்து கொடுப்பன. சிறிது சூட்டினாலும் தன்மை மாறுவன. 1991-ஆம் ஆண்டில் பௌதிகத்துக்கான நோபல் பரிசைப் பெற்ற பிரெஞ்சு அறிஞர் தெ ஷேன், தம் பரிசுரைக்கு இவ்வகைப் பொருள்களின் பொதுப்பெயரையே தலைப்பாக வைத்தார். அதனை 'மென்பொருள்' என்று தமிழாக்கலாம். ஆனால் அச்சொல்லைக் கணிப்பொறித் துறையினர் முன்னரே எடுத்துக்கொண்டு விட்டனர்! ஆகவே நாம் 'நெகிழ்பொருள்' என்று வழங்குவோம்.

உப்பும் கற்கண்டும் படிகமாவதைப் புரிந்துகொள்வது அத்துணைக் கடினமன்று. ஒரே அளவினவாகிய சிறு துகள்கள், கொத்தனார் செங்கல் வைப்பதுபோல், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கொள்கின்றன. ஆனால் ஓயாது ஓடிக்கொண்டிருக்கும் திரவத்தில் ஒழுங்கு உண்டாகுமா? ஆயிரம் மடங்கு நீண்டு, நூற்கண்டுபோல் சிக்கிக் கிடக்கும் மூலக்கூறுகளில் உண்டாகுமா? உண்டாகும் என்பதே விடை. அவ்வொழுங்கு வந்து சேரும்போது பெரும்பாலும் தெளிவான கோலத்தில் வருவதில்லை, கலங்கலாக வருகின்றது. கலங்கியது எல்லாம் அழுக்கு என்று கருதிக் கொட்டிவிடுவது நம் வழக்கம். அவ்வாறு கொட்டாமல் உற்று நோக்கியவர்களின் கதையே இந்தத் துறையின் வரலாறு.

இருமுறை உருகிய பொருள்

1888-ஆம் ஆண்டு. பிராகா நகரத்தில் ஃபிரெடரிக் ரைனிட்சர் என்னும் ஆஸ்திரியத் தாவரவியல் அறிஞர், கொலஸ்டிராலிலிருந்து ஆக்கிய ஒரு சேர்மத்தை ஆராய்ந்து வந்தார். தூய பொருள் ஒவ்வொன்றுக்கும் ஓர் உருகுநிலை உண்டு என்பது விதி. அவர் கையிலிருந்த பொருளோ இருமுறை உருகிற்று! 145.5 டிகிரி சென்டிகிரேட் வெப்பநிலையில் திடநிலை நீங்கி, கலங்கலான திரவமாயிற்று. மேலும் சூடேற்றவே, 178.5 டிகிரியில் அக்கலங்கல் திடீரென்று மறைந்து, கண்ணாடிபோல் தெளிந்தது. குளிர வைத்தபோது தெளிவு போய்க் கலங்கல் மீண்டது. இடையே நீலமும் ஊதாவுமான வண்ணங்களும் தோன்றி மறைந்தன.

பொருளில் ஏதோ அழுக்குச் சேர்ந்திருக்கின்றது என்று எழுதிவைத்து, அடுத்த வேலைக்குச் செல்வது எளிது. ரைனிட்சர் அவ்வாறு செய்யவில்லை. அவ்வாண்டு மார்ச்சுத் திங்கள் 14-ஆம் நாள், படிக ஆராய்ச்சியில் வல்லவரான ஆட்டோ லேமன் என்னும் ஜெர்மானியருக்குக் கடிதம் எழுதி, பொருளையும் அனுப்பி வைத்தார். சூடேற்றியவாறே பொருளைப் பார்க்கத்தக்க நுண்ணோக்கி ஒன்று லேமனிடம் இருந்தது. அதன்வழி நோக்கியபோது, அக்கலங்கல் திரவம் படிகங்கள் மட்டுமே செய்யவல்ல ஒரு செயலைச் செய்யக் கண்டார். ஒளியலைகள் அதிரும் திசையை அது மாற்றிற்று. ஓடுவது திரவத்தைப்போல், ஒளியை நடத்துவது படிகத்தைப்போல். 'ஓடும் படிகம்' என்று 1889-இல் அவர் அதற்குப் பெயரிட்டார். இன்று 'திரவப் படிகம்' என்கிறோம்.

அதனுள் நிகழ்வது யாது? மழைக்காலத்து ஆற்றில் வெட்டுமூங்கில்கள் மிதந்து வருவதை நினைத்துக் கொள்வோம். எந்த மூங்கிலும் ஓரிடத்தில் நிலைத்து நிற்பதில்லை. ஒன்றையொன்று முந்திச் செல்லும், பின்தங்கும். ஆயினும் எல்லாம் ஏறத்தாழ ஒரே திசையை நோக்கியே இருக்கும். நிற்கும் இடத்தில் ஒழுங்கு இல்லை. நோக்கும் திசையில் ஒழுங்கு உண்டு. கோல்போன்று நீண்ட மூலக்கூறுகள் திரவப் படிகத்தில் இவ்வாறே இயங்குகின்றன. சிலவற்றில் அவை அடுக்கடுக்காகவும் அமைகின்றன. சோப்புக் குழம்பின் வழுக்கலுக்கு இத்தகைய அடுக்குகளே காரணம். ரைனிட்சர் கண்ட பொருளிலோ, அடுக்குக்கு அடுக்கு திசை சிறிது சிறிதாகத் திரும்பி, சுழற்படிபோல் அமைந்திருந்தது. வண்ணங்கள் தோன்றியதற்கு அதுவே காரணம். இவ்வகைகளைப் பிரித்து 1922-இல் பெயர் சூட்டியவர் ஜார்ஜ் ஃபிரீடல் என்னும் பிரெஞ்சு அறிஞர்.

ஒழுங்கு ஏன் கலங்குகின்றது?

ஒழுங்காக அமைந்த பொருள் தெளிவாக அன்றோ இருத்தல் வேண்டும், கலங்குவானேன் என்று மாணவர் எவரேனும் கேட்கலாம். கேட்கத் தகுந்த கேள்வியே. ஒரு பெரிய கற்கண்டுக் கட்டியை எடுத்து நோக்கினால் ஒளி ஊடுருவுகின்றது. அதனையே அம்மியில் வைத்துப் பொடித்தால் வெள்ளையாகிவிடுகின்றது. பொருள் மாறவில்லை, ஆனால் எண்ணற்ற சிறு துண்டுகள் வெவ்வேறு திசையில் கிடப்பதால், அவற்றின் எல்லைதோறும் ஒளி சிதறுகின்றது. திரவப் படிகத்திலும் அப்படியே. ஒரு பகுதியில் கோல்கள் கிழக்கு நோக்கினால், அடுத்த பகுதியில் வடக்கு நோக்குகின்றன. பகுதிக்குள் ஒழுங்கு, பகுதிகளுக்கிடையே வேற்றுமை. அந்த எல்லைகளே கலங்கலாகக் கண்ணுக்குத் தெரிகின்றன.

கலங்கியது எல்லாம் ஒழுங்கு என்று சொல்லிவிடவும் முடியாது. பால் வெண்மையாயிருப்பது பெரும்பாலும் அதில் மிதக்கும் கொழுப்புத் துளிகளாலும் புரதத் துகள்களாலுமே. குட்டைநீர் கலங்குவது சேற்றினால். லேமனின் கூற்றையும் அறிஞர் பலர் இவ்வாறே மறுத்தனர். இது நீரில் எண்ணெய் கலந்தாற்போன்ற வெறுங்கலவையே என்று குஸ்தாவ் தாமன் போன்ற பெரிய வேதியியல் அறிஞர்களும் பல்லாண்டுகள் வாதிட்டனர். அவ்வாதத்தைத் தீர்த்தது சொல்வன்மை அன்று, சோதனையே. சேற்றுநீரை எத்துணை முறை சூடேற்றினாலும் குறித்த ஒரு வெப்பநிலையில் அது பளிச்சென்று தெளிவதில்லை. திரவப் படிகமோ, எத்துணை முறை தூய்மை செய்தாலும், அதே வெப்பநிலையில் தெளிந்து, அதே வெப்பநிலையில் மீண்டும் கலங்குகின்றது. அழுக்கு வடிகட்டினால் நீங்கும். ஒழுங்கு வடிகட்டினாலும் நீங்காது. கலங்கலைக் கண்டால் அஞ்சவும் வேண்டா, போற்றவும் வேண்டா, சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதே இவ்வரலாறு தரும் பாடம்.

கட்டளையிட்டவர் யார்?

இத்தனை கோடிக் கோல்களையும் ஒரே திசை நோக்குமாறு திருப்பியவர் யார்? ஒன்றையொன்று ஈர்ப்பதனால் திரும்புகின்றன என்பது ஒரு விடை. அது உண்மையின் ஒரு பகுதியே. ஈர்ப்பு இல்லாவிடினும் ஒழுங்கு பிறக்கும் என்று 1949-இல் லார்ஸ் ஆன்சாகர் என்னும் அறிஞர் கணக்கிட்டுக் காட்டினார். கேட்கும்போது வியப்பாயிருப்பினும், இதனை ஒரு தட்டும் தீக்குச்சிகளும் கொண்டு நாமே ஓரளவு காணலாம். தட்டு நிறையக் குச்சிகளைத் தாறுமாறாகக் கொட்டி மெல்லக் குலுக்குங்கள். சிறிது நேரத்தில் பக்கத்துப் பக்கத்துக் குச்சிகள் ஒரே திசை நோக்கிப் படுத்துக் கொள்வதைக் காண்பீர்கள். எவரும் அவற்றை அடுக்கவில்லை.

காரணம் இதுதான். நெருக்கமான இடத்தில் நீண்ட கோல்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தால் எதுவும் அசைய இயலாது. எல்லாம் ஒரு முகமாகத் திரும்பினாலோ, ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் நகர இடம் கிடைக்கின்றது. திசையில் சிறிது விட்டுக்கொடுத்து, இயக்கத்தில் பெரிதும் பெற்றுக் கொள்கின்றன. ஒழுங்கு வேறு, சுதந்தரம் வேறு, ஒன்று வளர மற்றொன்று தேயும் என்பது நம் பொதுவான எண்ணம். இங்கோ, கூட்டத்தின் சுதந்தரம் மிகுவதற்காகவே ஒழுங்கு பிறக்கின்றது. குலுக்கல் இல்லையேல் குச்சிகள் திரும்பா. வெப்பத்தின் அசைவு இல்லையேல் மூலக்கூறுகளும் திரும்பா. வெப்பம் ஒழுங்கின் பகை என்று மட்டும் கருதுவது பாதி உண்மையே.

புடவைக் கொசுவமும் பால் உறையும்

கோல்களை விட்டுச் சங்கிலிகளுக்கு வருவோம். பாலித்தீன், நைலான், இரப்பர், மாவுப் பொருள் ஆகியவை பாலிமர் என்னும் வகையைச் சேர்ந்தவை. சிறு கண்ணிகள் ஆயிரக்கணக்கில் கோத்து ஒரே மூலக்கூறாக நீண்டிருப்பதே பாலிமர். அவ்வளவு பெரிய மூலக்கூறு இருக்கவே முடியாது என்று பலர் மறுத்த காலத்தில், 1920-இல் அக்கொள்கையை நாட்டியவர் ஹெர்மன் ஸ்டாடிங்கர் என்னும் ஜெர்மானியர். அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1953-இல். முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து!

இத்தகைய சங்கிலிகள் எவ்வாறு படிகமாகும்? 1957-இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ கெல்லர் என்பார், பாலித்தீனைச் சூடான கரைப்பானில் மிக நீர்க்கக் கரைத்து மெல்லக் குளிர்வித்தார். மெல்லிய தகடுகள் போன்ற படிகங்கள் உண்டாயின. ஒரு தகட்டின் தடிப்பு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் இலட்சத்தில் ஒரு பங்கு. சங்கிலிகள் தகட்டில் படுத்திருக்கவில்லை, நெட்டுக்குத்தாக நிற்கின்றன என்று எலெக்ட்ரான் சோதனை காட்டிற்று. ஆனால் ஒரு சங்கிலியின் நீளமோ அத்தடிப்பைப்போல் பல பத்து மடங்கு. அங்ஙனமாயின் அது எவ்வாறு அதனுள் அடங்கும்? மடிந்து மடிந்துதான் அடங்கியிருத்தல் வேண்டும் என்று கெல்லர் முடிவு செய்தார். ஆறு கெசப் புடவையின் ஒரு பகுதியைச் சாண் அகலக் கொசுவமாக மடித்துச் செருகுவதில்லையா? அவ்வாறே சங்கிலி மேலும் கீழுமாக மடிந்து நிற்கின்றது.

முழுதும் நீண்டு நிற்பதே சங்கிலிக்கு மிக நிலையான ஒழுங்கு. ஆனால் சிக்கிக் கிடக்கும் நீண்ட சங்கிலி அவ்வாறு நீள்வதற்கு நெடுங்காலம் வேண்டும். குளிரோ காத்திருப்பதில்லை. விரைவில் எட்டக்கூடிய ஒழுங்கு எதுவோ அதனையே சங்கிலி மேற்கொள்கின்றது. பின்னர்ச் சற்றே சூடேற்றி வைத்தால் மடிப்புகள் அவிழ்ந்து, தகடு தடிப்பாகின்றது. நெகிழ்பொருளில் ஒழுங்கு என்பது காலத்தோடு செய்துகொண்ட உடன்படிக்கை என்று கூறினும் பொருந்தும்.

நம் வீட்டுக்குப் பால் வரும் உறையில் இதன் பயனைக் காணலாம். அவ்வகைப் பாலித்தீனில் சங்கிலிகளுக்குக் கிளைகள் உண்டு. கிளைகள் மடிப்புக்குத் தடையாதலின் ஏறத்தாழப் பாதியளவே படிகமாகின்றது; உறை மெத்தென்று வளைகின்றது. கடைகளில் முன்பு தந்துவந்த சலசலக்கும் மெல்லிய பையும் பாலித்தீனே. அதன் சங்கிலிகளுக்குக் கிளைகள் மிகக் குறைவு. ஆகவே முக்காற்பங்கு அளவும் படிகமாகி, விறைப்பும் வலிமையும் பெறுகின்றது. முன்னது சுமார் 110 டிகிரியிலும், பின்னது சுமார் 130 டிகிரியிலும் உருகும். சாயம் சேராத விறைப்பான பாலித்தீன் பால்போல் மங்கலாயிருக்கும், உருகியவுடன் தெளிந்துவிடும். அந்த மங்கலும் அழுக்கன்று, படிகங்களின் ஒழுங்கே.

அடுக்களையில் ஓர் ஆராய்ச்சி

பாலிமர் என்பது ஆலைகளில் மட்டும் பிறப்பதன்று. அரிசி மாவின் பெரும்பகுதி மாவுச்சத்து. அது சர்க்கரைக் கண்ணிகளால் ஆகிய இயற்கைப் பாலிமர். அரிசியிலுள்ள மாவுமணிகளில் அச்சங்கிலிகள் ஓரளவு ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றன. நீரிட்டு வேகவைக்கும்போது அவ்வொழுங்கு குலைந்து, நீரை ஏற்று, சோறு மெதுவாகின்றது. ஆறியபின் சங்கிலிகள் சும்மா இருப்பதில்லை. பக்கத்துச் சங்கிலிகளோடு முறுக்கிக்கொண்டு மீண்டும் ஒழுங்குபடத் தொடங்குகின்றன. சூடாயிருக்கும்போது ஓரளவு தெளிவாயிருந்த சோளமாவுக் கஞ்சி ஆறியதும் கலங்கி இறுகுவதும், காலையில் பூப்போன்றிருந்த இட்டிலி மறுநாள் விறைத்துப் போவதும் இதனாலேயே.

ஈரம் உலர்ந்ததனால் இட்டிலி விறைத்தது என்றுதான் நாம் பொதுவாகச் சொல்வோம். ஆனால் ஈரம் போகாதபடி மூடி வைத்தாலும் விறைக்கும். பூசிங்கோ என்னும் பிரெஞ்சு அறிஞர் 1852-ஆம் ஆண்டிலேயே ரொட்டியைக் காற்றுப் புகாமல் மூடி வைத்து, ஈரம் குறையாவிடினும் அது பழையதாகி விறைப்பதைக் காட்டினார்; சுமார் 60 டிகிரிக்குச் சூடாக்கினால் மெதுமை மீள்வதையும் காட்டினார். உருகியது புதிதாகப் பிறந்த ஒழுங்கே. நேற்றைய இட்டிலியை ஆவியில் காட்டும் ஒவ்வோர் இல்லத்திலும் அச்சோதனை இன்றும் நடக்கின்றது.

மற்றொன்றும் அறியத்தக்கது. மாவுச்சத்து மிக விரைவாக ஒழுங்குபடுவது குளிர்பதனப் பெட்டியின் குளிரில்தான். வெளியே வைத்ததைவிட அப்பெட்டியில் வைத்த ரொட்டி விரைவில் விறைக்கும். இட்டிலிக்கும் அதே நிலைதான். ஆயினும் புளித்துக் கெடாமலிருக்க உள்ளே வைக்கத்தான் வேண்டும். உண்ணுமுன் ஆவியில் சூடாக்கினால் மெதுமை மீளும். உறைநிலைக் குளிரிலோ சங்கிலிகள் அசையவே இயலாமையால் விறைப்பும் நின்றுவிடுகின்றது. அசைவு மிகுந்தால் ஒழுங்கு குலையும். அசைவே இல்லையேல் ஒழுங்கு பிறவாது. இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையே ஒழுங்கின் நாற்றங்கால்.

மோர்போன்ற ஒரு கரைசல்

1965-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஸ்டெஃபனி குவோலெக் என்னும் பெண் வேதியியலார் புதிய இழை ஒன்றைத் தேடி வந்தார். விறைப்பான சங்கிலிகளையுடைய ஒரு பாலிமரைக் கரைத்தபோது, எதிர்பார்த்தபடி தேன்போன்ற தெளிந்த பாகு கிடைக்கவில்லை. மோரைப்போல் நீர்த்து, கலங்கிய கரைசல் கிடைத்தது. வடிகட்டியும் கலங்கல் நீங்கவில்லை. அதனை இழையாக இழுக்கும் பொறியில் இட, பொறியை இயக்குபவர் தயங்கினார். நுண்ணிய துளைகள் அடைத்துக் கொள்ளும் என்று அஞ்சினார். குவோலெக் விடாது வற்புறுத்தி இசைய வைத்தார். வந்த இழை இழுத்த இழுப்புக்கு அறவில்லை!

அக்கலங்கல் திரவப் படிகத்தின் ஒழுங்கே. விறைத்த சங்கிலிகள் மடிந்து கொசுவமாகவில்லை. ஆற்று மூங்கில்களைப்போல் கரைசலிலேயே அணிவகுத்து நின்றன. துளைவழி இழுத்தபோது அவ்வணி அப்படியே இழையின் நீளத்துக்கு நேராயிற்று. இவ்வாறு பிறந்த கெவ்லார் என்னும் இழை, எடைக்கு எடை எஃகைப்போல் ஐந்து மடங்கு வலிமையுடையது. குண்டு துளையாத சட்டைகளில் அது எத்தனையோ காவலர்களின் உயிரைக் காத்துள்ளது. அன்று அந்தக் கரைசலைத் தொட்டியில் கொட்டியிருந்தால்? கேள்வியை உங்கள் சிந்தனைக்கே விட்டுவிடுகிறோம்.

பெங்களூரில் அடுக்கிய தட்டுகள்

இனி நம் நாட்டுக்கு வருவோம். ரைனிட்சர் காலம் முதல் ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளாக, தூய சேர்மம் ஒன்று திரவப் படிகமாக வேண்டுமெனின் அதன் மூலக்கூறு கோல்போல் நீண்டிருத்தல் வேண்டும் என்றே அறிஞர் கருதி வந்தனர். அக்கருத்தை மாற்றியது பெங்களூரிலுள்ள இராமன் ஆராய்ச்சி நிலையம். சர் சி. வி. இராமன் அவர்கள் 1948-இல் நிறுவிய அந்நிலையத்தில், 1971-இல் திரவப் படிக ஆய்வைத் தொடங்கியவர் சி. சந்திரசேகர் அவர்கள். அவர் இராமனுடைய சகோதரியின் திருமகனார். 1930-இல் கல்கத்தாவில் பிறந்து, நாகபுரியில் பட்டம் பெற்று, மைசூரில் பேராசிரியராக விளங்கிப் பின்னர்ப் பெங்களூர் வந்தவர். பிற மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இவ்வாழ்க்கைப் பாதை அயலானதன்று.

அவரும், சதாசிவா, சுரேஷ் என்னும் உடன் ஆய்வாளர் இருவரும் 1977-இல் ஒரு புதிய சேர்ம வகையை ஆராய்ந்தனர். அதன் மூலக்கூறு கோல் அன்று, தட்டு. நடுவே பென்சீன் வளையம். சுற்றிலும் நெகிழ்ந்த ஆறு வால்கள். உருக்கியபோது அதுவும் உடனே தெளிந்த திரவமாகாமல் இடைநிலை ஒன்றை அடைந்தது. எக்ஸ்-கதிர் கொண்டு ஆராய்ந்ததில், தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தூண்களாக நிற்பது புலனாயிற்று. அப்பளக் கட்டுகளை நெருக்கமாக நிறுத்தி வைத்தாற்போன்ற அமைப்பு என்று சொல்லலாம். தூண்கள் ஒழுங்காக அணிவகுத்து நின்றன. ஒவ்வொரு தூணுக்குள்ளும் தட்டுகளின் இடைவெளியில் திரவத்தின் நெகிழ்ச்சியும் இருந்தது. இக்கண்டுபிடிப்பை அவர்கள் வெளியிட்டது இந்திய விஞ்ஞானக் கழகத்தின் 'பிரமாணா' என்னும் இதழில். உலகின் ஆய்வாளர் அவ்விதழைத் தேடிப் படிக்க நேர்ந்தது.

கோல்வடிவப் பொருள்கள் 1970-களில் கைக்கடிகாரத் திரையிலும் கணக்கிடும் பொறியிலும் ஏறின. பின்னர்த் தொலைக்காட்சிக்கும் கணிப்பொறிக்கும் வந்தன. மெல்லிய மின்விசைக்கே திரும்பிவிடும் நெகிழ்ச்சி அவற்றுக்கு இருப்பதே அதற்குக் காரணம். ஆனால் அத்தகைய திரைகளைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் படம் மங்கிற்று. அக்குறையைப் போக்கிய வழிகளுள் ஒன்று, தட்டுவடிவ மூலக்கூறுகளை அமைத்த மெல்லிய படலத்தைத் திரையோடு சேர்ப்பது. பயன் கருதாது பெங்களூரில் கண்ட ஓர் ஒழுங்கு, கூடத்தின் ஒரு மூலையில் அமர்ந்து படம் பார்ப்பவருக்கும் உதவிற்று. சந்திரசேகர் அவர்கள் 2004-இல் மறைந்தார்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்துக் கொள்வோம். நெகிழ்பொருளில் ஒழுங்கு பிறப்பதற்கு மூன்று வேண்டும். முதலாவது, உறுப்பின் வடிவம். கோலாயின் ஒருவகை, தட்டாயின் ஒருவகை, சங்கிலியாயின் மற்றொருவகை. இரண்டாவது, அளவான அசைவு. மிகுந்தாலும் குறைந்தாலும் கேடு. மூன்றாவது, காலம்; கொடுத்த காலத்துக்கு ஏற்றதே கிடைக்கும் ஒழுங்கு. வெளியிலிருந்து கட்டளையிடுபவர் தேவையில்லை. ஒரு சங்கத்தை நடத்துவோர் இதில் தமக்கும் ஒரு கருத்து உண்டென்று எண்ணினால், அதனை நாம் மறுக்கமாட்டோம்!

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். தெளிந்த விடையையும் நிறைந்த மதிப்பெண்ணையும் மட்டுமே நம் குழந்தைகளிடம் எதிர்பார்க்கின்றோம். பள்ளிச் சோதனைச்சாலையில் எதிர்பார்த்த நிறம் வரவில்லையெனின், அதனைக் கொட்டிவிட்டுப் பக்கத்து மாணவனின் குறிப்பேட்டைப் பார்த்து எழுதும் பழக்கம் நம் நாட்டில் இன்னும் நீங்கவில்லை. அவ்வாறு கொட்டப்படும் குழாய்களுள் பெரும்பாலனவற்றில் இருப்பது அழுக்கே, ஐயமில்லை. ஆனால் எது அழுக்கு, எது ஒழுங்கு என்று பிரித்தறியும் திறன் கொட்டுவதனால் வாராது. வடிகட்டிப் பார், சூடேற்றிப் பார், மீண்டும் குளிரவைத்துப் பார், கண்டதைக் கண்டவாறே எழுது என்று அவர்களிடம் கூறுவோமாக. மதிப்பெண் ஒன்றிரண்டு குறையலாம், கண் திறக்கும்.